கடைசி இடத்து ரசிகர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நான் விமர்சகன் இல்லை, பயிற்சியாளனும் இல்லை. பெரம்பூரில் வளர்ந்து, சேப்பாக்கத்திலும் பெரியமேட்டிலும் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட ஒரு ரசிகன். என்னை அழைத்த நண்பர், “சார், நம்ம ஊர் டீம் எல்லாமே இப்படித் தோத்துக்கிட்டு இருக்கு, அதப் பத்தி ஆறுதலா ஏதாவது பேசுங்க” என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. புகார் சொல்ல நன்றாகவே வரும். ஆகவே அதைச் செய்கிறேன்.

முதலில் கணக்கு. 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் 4 வென்று, 10 தோற்று, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. 2008 முதல் 2019 வரை தான் ஆடிய 10 சீசன்களிலும் அரையிறுதிக்கோ பிளே-ஆஃபுக்கோ போன அணி அது. 2020இல் முதன்முறையாகத் தவறியது, 2022இல் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது, ஆனால் பட்டியலின் அடியை அதுவரை தொட்டதே இல்லை. 2025இல் மும்பையை வென்று அமர்க்களமாகத் தொடங்கினார்கள். அதோடு சரி. பெங்களூரு 2008க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் நம்மை வென்றது. டெல்லி 2010க்குப் பிறகு. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அங்கே நம்மை வென்றதே கிடையாது, அவர்களும் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள். கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் முழுக்க ஆடி 9 விக்கெட்டுக்கு 103. அவர்கள் அதைப் பதினோராவது ஓவரில் தாண்டிவிட்டார்கள், ஸ்டேடியத்துக்கு வெளியே பஜ்ஜிக்கடைக்காரர் எண்ணெய் காய வைப்பதற்குள். சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் 5 தோல்வி. ஏழாவது ஆட்டம், நடுவில் போட்டி நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது, டெல்லிக்கு மாற்றப்பட்டது. அதிலும் தோற்றோம். நேரில் பார்க்கும் பாக்கியம் மட்டும் தப்பியது.

இவ்வளவையும் நான் வயிற்றெரிச்சலோடு பார்த்தேன் என்று நினைப்பீர்கள். உண்மையில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த பெங்களூரு ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 2025 மார்ச் 28. இலக்கு 197. ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு, ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். 16 பந்தில் 30 ரன், ஆட்டமிழக்கவில்லை. கடைசி ஓவரில் அவர் சிக்ஸர் அடித்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று விசிலடித்தது. நாம் 50 ரன்னில் தோற்றுக்கொண்டிருந்தோம்! வீடு எரிகையில் விளக்கேற்றிக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கும் தோனியைப் பிடிக்கும். இந்த ஊருக்கு அவர் கொடுத்த கோப்பைகளை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று அரங்கில் இருந்த பாதிப் பேருக்கு அணி தோற்றதே உறைக்கவில்லை. இதற்கு முன்னோட்டம் வேறு நடந்திருக்கிறது: ஜடேஜா அவுட்டானால் தோனி வருவார் என்பதற்காக, நம் ஆள் அவுட்டாக வேண்டும் என்று நம் ஊர்க் கூட்டமே காத்திருந்தது. 2023இல் ஒரு ஆட்டத்துக்குப் பிறகு ஜடேஜாவே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரத்தில் அது சரியான கணக்காகவே இருக்கலாம்.

சேப்பாக்கம் ரசிகர் என்றதும் எல்லோரும் 1999 ஜனவரியைச் சொல்வார்கள். பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. டெண்டுல்கர் முதுகு வலியோடு அடித்த 136 வீணாயிற்று. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அது நம் ஊரின் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாலையை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டாக நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எதிரணிக்குக் கைதட்டுவது பெருந்தன்மை. சொந்த அணியை ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க என்னால் முடியவில்லை, அதைச் சோம்பல் என்றே சொல்வேன்.

சரி, கிரிக்கெட்டை விடுவோம். ஐந்து கோப்பை வென்ற அணியைப் பற்றி அழுதால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். தோல்வி என்றால் என்ன என்பதை முறைப்படி கற்க விரும்புகிறவர்கள் கபடிக்கு வர வேண்டும்.

தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடி லீகின் ஐந்தாவது சீசனில் வந்தது. டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர். கேப்டன், 2016 உலகக் கோப்பையில் இந்தியாவைத் தூக்கி நிறுத்திய அஜய் தாக்கூர். பொங்கலுக்குப் பொங்கல் ஊர்த் திடலில் டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டம், ஏசி அரங்கத்தில் மேட் விரித்து, தொலைக்காட்சியில் வருகிறது. எங்கள் தெருவில் அதுவரை கபடி பார்க்காத மாமிகள்கூட “டூ ஆர் டை ரெய்டுன்னா என்ன?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்ன ஆயிற்று? முதல் சீசனில் நம் பிரிவில் கடைசி. இரண்டாவது சீசனிலும் பிரிவில் கடைசி. மூன்றாவது சீசனில் பிரிவுகளே இல்லை, 12 அணிகளும் ஒரே பட்டியல். அதில் பன்னிரண்டாவது. நான்காவது சீசனில் பதினோராவது. முன்னேற்றம்!

இந்த மூன்றாவது சீசனைப் பற்றி, அதாவது 2019ஐப் பற்றி, தனியாக ஒரு மாலை பேசலாம். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் எல்லாரும் ஒரே அணியில். காகிதத்தில் இந்திய அணி மாதிரி இருந்தது. கபடி தெரிந்தவர்கள் அன்றே தலையசைத்தார்கள். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பிடிப்பது ஒருவர் வேலை கிடையாது. கார்னரில் நிற்பவர் காலுக்குப் பாய்கிற அதே நொடியில் கவரில் நிற்பவர் ரெய்டரின் இடுப்பைப் பிடிக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் ரெய்டர் இரண்டு புள்ளியோடு கோட்டைத் தாண்டிவிடுவார். அந்த அரை நொடியை ஏலத்தில் வாங்க முடியாது. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயிற்சி எடுத்து, ஒருவர் மூச்சு மற்றவருக்குப் பழகினால்தான் வரும். கிராமத்து அணிகளைப் பாருங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பத்து வருஷம் ஒன்றாக ஆடியிருப்பார்கள். கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். நம் நட்சத்திரங்கள் கண்ணால் பேசியதெல்லாம், “நீ போயிருக்கணும்” “இல்ல, நீதான் போயிருக்கணும்”.

அஜய் தாக்கூரைச் சொல்லாமல் போனால் பாவம். இமாசலப் பிரதேசத்துக்காரர். தோற்றுக்கொண்டே இருந்த அணியில் முதல் இரண்டு சீசனிலும் 200 புள்ளிகளைத் தாண்டினார். இவருக்காகவாவது ஜெயித்துத் தொலையுங்களேன் என்று நாங்கள் கேலரியிலிருந்து கத்தியிருக்கிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு 2022. ஒன்பதாவது சீசன். பவன் செராவத்தை அதுவரை யாரும் கொடுக்காத விலைக்கு, 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், சீசன் முடிந்தது. ‘வழக்கம்போலத்தான்’ என்று டிவியை அணைத்தவர்களில் நானும் உண்டு. ஆனால் நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார், அணி திரும்பியது. நரேந்தர் என்ற புதுப் பையன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தான். எலிமினேட்டரில் யுபி யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை பிரேக்கரில் வென்றோம். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளி! பெரிய பெயர்கள் நிறைந்த அணி கடைசியில் வந்ததும், பெரிய பெயர் காயப்பட்டு வெளியே உட்கார்ந்தபோது அணி அரையிறுதி வரை போனதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு பெரிய குறை. அந்த சீசனில் ஆட்டங்கள் பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் நடந்தன, நாக் அவுட் மும்பையில். சென்னையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. எங்கள் அணி உருப்படியாக ஆடிய ஆண்டை எங்கள் ஊர் நேரில் பார்க்கவே இல்லை. தோற்ற ஆண்டுகளை மட்டும் பெரியமேட்டு உள்ளரங்கில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தோம்.

இப்போது கால்பந்து. சென்னையின் எஃப்.சி.யைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் மாறும், மன்னிக்க வேண்டும். வடசென்னைக்காரனுக்குக் கால்பந்து இரண்டாம் பட்சம் கிடையாது. வியாசர்பாடியை மினி பிரேசில் என்று சொல்வார்கள். மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியபோதே நம் அணி உண்டு. அபிஷேக் பச்சன், விதா தானி, தோனி ஆகியோர் உரிமையாளர்கள். இத்தாலியின் மாத்தராஸி ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். 2015இல் நவம்பர் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, வரிசையாக வென்று மேலே ஏறியது. அந்த வாரங்களில்தான் இந்த ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. நம் அரையிறுதி உள்ளூர் ஆட்டத்தை இங்கே நடத்த முடியாமல் புனேக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 90ஆவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்தோம். அடுத்த சில நிமிடங்களில் கோவாக் கோல்கீப்பர் கைபட்டு ஒரு சுயகோல், பிறகு மெண்டோசா அடித்த ஒன்று. 3-2. வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்தவர்கள், மின்சாரம் வராத தெருக்களில் இருந்தவர்கள், மறுநாள் பேப்பரில்தான் பார்த்தார்கள். அந்தக் கோப்பையை இந்த ஊர் சரியாகக் கொண்டாடவே இல்லை என்று எனக்கு இன்றும் ஒரு மனக்குறை உண்டு.

2018 மார்ச்சில் மறுபடியும் கோப்பை. பெங்களூரில், பெங்களூரையே, அவர்கள் கூட்டத்துக்கு நடுவில் 3-2. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார், மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். ஜான் கிரிகரி பயிற்சியாளர்.

அடுத்த சீசன்? அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே வீரர்கள். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 தோல்வி. கடைசி இடம். சாம்பியன் கடைசிக்கு வந்தார்! இதற்கு நான் கேட்ட விளக்கங்களை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். காயம் என்றார்கள், களைப்பு என்றார்கள், அதிர்ஷ்டம் என்றார்கள். கிளப் தரப்பில் யாராவது ஒருவர் மேடையேறி, “இதுதான் நடந்தது, இதைத்தான் நாங்கள் சரியாகச் செய்யவில்லை” என்று ரசிகர்களிடம் சொல்லியிருந்தால் எனக்கு அது இரண்டாவது கோப்பைக்குச் சமம். என் காதில் அப்படி எதுவும் விழவில்லை.

2019-20இல் நடுவில் ஓவன் காயில் வந்தார், கீழே கிடந்த அணி எழுந்து இறுதி வரை போனது. 2020 மார்ச் 14. கொரோனா. ரசிகரே இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3. அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே, பூட்டிய அரங்குகளில். எட்டாம் இடம். மறுபடி எட்டாம் இடம். ரசிகர்கள் திரும்பி வந்த 2022-23இலும் எட்டாம் இடம். 2020-21இல் 20 ஆட்டங்களில் 11 டிரா. நண்பர்களே, தோல்வியைத் தாங்கலாம், அழலாம், திட்டலாம். பதினோரு டிராவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? 2023-24இல் காயில் திரும்பி வந்து ஆறாம் இடம் பிடித்து, பிளே-ஆஃபில் கோவாவிடம் வெளியேறினோம். 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது. அதற்கடுத்து, வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீகே 2025 செப்டம்பரில் தொடங்கவில்லை. லீகை நடத்தும் உரிமை யாருக்கு என்ற ஒப்பந்தச் சிக்கலில் எல்லா அணிகளும் அந்தரத்தில் நின்றன. தோற்கிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தவன், தோற்கவாவது ஆடுங்களேன் என்று புலம்பும் நிலைக்கு வந்தேன்.

பி ஸ்டாண்டில் பாட்டுப் பாடிக்கொண்டே நிற்கும் பையன்களை, சூப்பர் மச்சான்ஸ் கூட்டத்தை, இந்த இடத்தில் கும்பிட்டுக்கொள்கிறேன். 0-3 என்று பின்தங்கிய ஆட்டத்தின் 80ஆவது நிமிடத்தில் டிரம் அடிப்பவனுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஐபிஎல்லிலும் புரோ கபடியிலும் கடைசியாக வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்குப் போகும். வருமானம் போகும், வீரர்கள் போவார்கள், சில சமயம் கிளப்பே போகும். ஆகவே அங்கே கடைசி இடத்தைக் கண்டு முதலாளியும் நடுங்குவார். ஐபிஎல்லில் கீழ்ப் பிரிவே கிடையாது. 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய். அதில் பெரிய பங்கு அணிகளுக்குப் பிரிகிறது, பத்தாவதாக வந்தவருக்கும் உண்டு. புரோ கபடியிலும் அப்படியே, யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. வீரர் அடுத்த ஏலத்தில் வேறு சட்டை போடுவார். பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போவார். உரிமையாளருக்கு வேறு தொழில்கள் உண்டு. அப்படியானால் தோல்வி யார் கணக்கில் ஏறுகிறது? மறுநாள் ஆபீஸில் பெங்களூருக்காரர் முன்னால் டிபன் பாக்ஸைத் திறக்கிறவர் கணக்கில். அணியில் மாறாமல் இருக்கும் ஒரே உறுப்பினர் அவர்தான். ஆனால் அவரைத் தவிர எல்லாரையும் கலந்து பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

அந்த ரசிகர் தன் பங்குக்குக் குறை ஏதும் வைக்கவில்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சூப்பர் கிங்ஸ் ஆட்டங்கள் ஒன்றோடு நின்று புனேக்குப் போனபோது, இங்கிருந்து ஒரு தனி ரயில் நிறைய ரசிகர்கள் மஞ்சள் சட்டையில் போனார்கள். சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு அணியை இரண்டு ஆண்டு தடை செய்தபோதும் காத்திருந்தார்கள். நான் அந்தத் தடை சரி என்று சொல்லி நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம். 2025இல் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். ஒரு குடும்பம் போனால் மாத மளிகை போய்விடும். சூப்பர் கிங்ஸ் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வெளியே கைமாறுகின்றன என்பதால், பங்கு வாங்கினால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அங்கே போனால் லாபத்தைப் பற்றித்தானே பேசுவார்கள்? லாபம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதானே என் புகாரே.

இன்னொரு கேள்வி, எல்லோரும் கேட்பது: நம்ம பசங்களை ஏன் எடுப்பதில்லை? 2025இல் நாம் பத்தாவதாக வந்த அதே ஐபிஎல்லில் அதிக ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியவர் சாய் சுதர்சன், 759 ரன், குஜராத்துக்காக. சென்னைப் பையன். 2023 இறுதி ஆட்டத்தில் நமக்கெதிராக 47 பந்தில் 96 அடித்தவரும் அவரே. எனக்கு அன்று யாருக்குக் கைதட்டுவதென்று தெரியவில்லை. வாஷிங்டன் சுந்தரும் குஜராத்தில். நம்மை 103க்குச் சுருட்டிய கொல்கத்தா அணியில் வருண் சக்கரவர்த்தி. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் வீசிப் பெயர் வாங்கியது ஹைதராபாத்துக்கு. கால்பந்தில் வியாசர்பாடி நந்தகுமார், 2023 ஆகஸ்ட் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரு கோல் போட்டு, தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை அழ வைத்தார். அடுத்த ஊர் ரசிகனின் கண்ணீரை நம் ஊர்ப் பையன் துடைக்கிறான்! கபடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் 2016இல் கேப்டனாக இருந்து பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ‘உள்ளூர்க்காரர் மட்டும் ஆடட்டும்’ என்பவர்களோடு நான் சேர மாட்டேன். ராஞ்சிக்காரரைத் ‘தல’ என்று கூப்பிட்ட ஊர் இது. இமாசலக்காரருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அணியில் யார் பிறந்த ஊர் எது என்பது எனக்குப் பெரிதில்லை. வியாசர்பாடியில் மண் தரையில் ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பையன் நேரு ஸ்டேடியத்துக்கு ஏற ஒரு வழி இருக்கிறதா, அந்த வழியை நம் ஊர் அணி போட்டதா என்பதே கேள்வி. தனபால் கணேஷ் அப்படி வந்தார், 2018இல் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடினார். அதற்குப் பிறகு எத்தனை பேர்? கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணியின் துணைக் கேப்டனாகத் தங்கம் வென்றார். ஊர் ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பிலிருந்து, நம் பணக்கார லீகுகளின் கை படாமல் வந்த தங்கம் அது. கிரிக்கெட்டில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) என்ற ஏணி 2016 முதல் இருக்கிறது. சுதர்சனும் வருணும் அதில் ஏறியவர்களே. ஏணியை நாம் போடுகிறோம், மேலே நின்று மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஏலத்தில் விலை ஏறியது, வேறு வழியில்லை என்பார்கள். சில ஆண்டு அது உண்மை. எல்லா ஆண்டும் உண்மையா?

ஊர்ப் பெயரை வைத்துக்கொண்ட ஒரு அணி என்ன கதியாகும் என்பதற்கு நம்மிடமே ஒரு உதாரணம் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கிளப். ஆட்டங்கள் கோயம்புத்தூரில். 2018-19 ஐ-லீக் பட்டத்தை, கடைசி நாளில், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று வென்றது. பெட்ரோ மான்ஸி என்ற வீரர் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22இல் ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. தேசிய சாம்பியன் மூன்றே ஆண்டில் காணாமல் போனார், ஊரில் ஒரு கண்டனக் கூட்டமாவது நடந்ததா? நடந்திருந்தால் நான் போயிருப்பேன்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊர். அவர்களது பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1995இல் உரிமையாளர் ஆர்ட் மோடெல் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். ஊர் சும்மா இருக்கவில்லை. மாநகராட்சி வழக்குப் போட்டது, ரசிகர்கள் கடிதம் அனுப்பித் தள்ளினார்கள். கடைசியில் வீரர்கள் போனார்கள், பெயரும் நிறமும் வரலாறும் ஊரிலேயே தங்கின. 1999இல் அதே பெயரில் புது அணி வந்தது. வந்து? பெரும்பாலும் தோற்றது. 2017இல் 16 ஆட்டமும் தோல்வி. 2018 ஜனவரியில், உறையும் குளிரில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவத்தில் கேலி ஊர்வலம் போனார்கள். போராடி மீட்ட அணியையே கேலி செய்து ஊர்வலம் போகிறார்கள் பாருங்கள், அந்த உரிமை மேல் எனக்குப் பொறாமை.

என் தங்கை மகன் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்ப்பான். “மாமா, ஏன் மாமா இந்த டீமைப் பாத்துக் கஷ்டப்படறீங்க? நல்லா ஆடறவங்களைப் பாருங்க” என்பான். நல்ல கேள்விதான். அவனிடம் திருப்பிக் கேட்டேன்: “டேய், உன் டீம் தோத்தா நீ திட்டுறது அவங்களுக்குக் கேக்குமா?” சிரித்துவிட்டு, “உங்க டீமுக்கு மட்டும் கேக்குதா?” என்றான். மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை. பிறகு யோசித்தபோது, இந்த மாலை பேச வேண்டியது இதுதான் என்று பட்டது.

கேட்க வைக்க வேண்டும். சீசனுக்கு ஒருமுறை, ஜெயித்தாலும் தோற்றாலும், கிளப் நிர்வாகமும் பயிற்சியாளரும் ஒரு சாதாரண மண்டபத்தில் ரசிகர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். தமிழ் தலைவாஸ் எந்த சீசனிலும் சென்னையில் ஆடாமல் இருக்கக் கூடாது என்று லீகிடம் கேட்கட்டும், நமக்காக அவர்கள் கேட்க வேண்டும். ஊரில் எத்தனை மைதானத்தில், எத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்ற கணக்கை, வீரர்களின் விலையை அறிவிக்கிற அதே ஆரவாரத்தோடு அறிவிக்கட்டும். இதில் ஒன்றும் பெரிய செலவு இல்லை, விளம்பரப் படம் ஒன்றின் செலவைவிடக் குறைவாகவே வரும்.

வெளியே வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, மூன்று அணிகளுக்கும் மூன்று கடிதங்கள் வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு விருப்பமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள், அவர்களுக்குத் தெரியட்டும். அடுத்த ஏலத்தில் யாரை எடுக்கலாம் என்ற யோசனைகளை மட்டும் தயவுசெய்து அதில் எழுத வேண்டாம். போன முறை ஒரு பெரியவர் பின்பக்கம் முழுக்க எழுதிவிட்டார்.